ஏற்காடு ஏறும் ஆடி டிடிக்கு எந்த டயர் போடலாம்?

என் மனைவியின் தம்பி செகண்ட் ஹேண்டில் ஒரு ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார். 2015இல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை வண்டி. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், குவாட்ரோ, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் வகை. இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சுத்தம். டயர்தான் தொந்தரவு. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் வெட்டின் ஆழம், மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் நிற்கிறது, சும்மா பார்த்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்றுதான் தோன்றும். குனிந்து பார்த்தால் ரிம்மை ஒட்டிய பக்கச்சுவரில் தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள் தெரிகின்றன. பக்கச்சுவரில் பதித்திருக்கும் டிஓடி என்ற தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 1818. அதாவது 2018ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் செய்த டயர். “நாலையும் மாத்திடலாம் மாமா, எது போடறதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே அளவு டயர் சேலத்தில் வேறு சில செடான்களிலும் ஓடுகிறது, அவர்களுக்கும் உதவும்.

அளவு 245/40 ஆர்18. அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 இன்ச். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு என்பது ஒரு நிம்மதி. போர்ஷே கேமன் மாதிரி முன்னால் ஒன்று, பின்னால் அகலமாக ஒன்று என்று தேடி அலைய வேண்டாம். ஆனால் குவாட்ரோ என்பதால் “முன்னால் ரெண்டு மட்டும் இப்போ, பின்னால் அடுத்த தீபாவளிக்கு” என்ற கணக்கு செல்லாது. முன்பின் சுற்றளவு வேறுபட்டால், நேராகப் போகும்போதே ஏதோ ஒரு சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பின் அச்சுக்கு இழுவை கொடுக்கும் கிளட்ச் ஓயாமல் வேலை செய்து சூடாகும். அந்த கிளட்ச் யூனிட்டை மாற்றும் செலவை நினைத்தால் இரண்டு டயர் காசு ஒன்றுமே இல்லை. நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே நாளில்.

வண்டி ஓடும் இடம்

டயர் ஒப்பீடு என்று தேடினால் வருவதெல்லாம் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ எழுதியது. அதில் பாதி குளிர்காலத்தைப் பற்றி இருக்கும். கோடை டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகிப்போகும் என்பது உண்மைதான். ஏற்காட்டில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் கவலை வராது. ஆல் சீசன் டயருக்கு இங்கே வேலையே இல்லை. மீதிப் பாதி ரேஸ் டிராக்கில் ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி மிச்சம் என்பது. அதுவும் நமக்கு வேண்டாம்.

இந்த வண்டி வார நாட்களில் ஐந்து ரோட்டுக்கும் சீலநாயக்கன்பட்டிக்கும் நடுவில் ஊர்கிறது. அவ்வப்போது தொப்பூர் கணவாய் வழியாக பெங்களூரு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கூட்டம் சேரும் முன்பு, ஏற்காடு. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும், தார் அதைவிடக் கொதிக்கும். அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். அங்கே அதே நாளில் 30 டிகிரி வருவதே அபூர்வம்.

மலைச்சாலையில் வேகம் என்று பார்த்தால் வளைவில் இருபது இருபத்தைந்து, இடையில் நாற்பது ஐம்பது. எதிரே அரசுப் பேருந்து வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு வரும்போது அதற்கு மேல் போகிறவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. காய்ந்த சாலையில் இந்த வேகத்துக்கு எந்த நல்ல டயரும் போதும். சோதனை வருவது ஈரத்தில், இறக்கத்தில். மேலே காபித் தோட்டங்களுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் இலை சாலையில் படிந்து, மழையில் ஊறிக் கிடக்கும். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆனாலும் மரத்தடி வளைவுகளில் சொட்டு விழுந்துகொண்டே இருக்கும், தார் காயாது. சரிவிலிருந்து செம்மண் கரைந்து வளைவின் உள்பக்கத்தில் ஒரு படலமாக நிற்கும். பார்க்க ஈரத் தார் போலவே இருக்கும். பிரேக்கை மிதித்தால்தான் தெரியும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து இந்தப் பாதையில் போக்குவரத்தே நின்றது. அவ்வளவு போக வேண்டாம், சாதாரண ஐப்பசி மழையே போதும்.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: ஈரத்தில் பிடிமானம் முதலில், வெயிலைத் தாங்குவது இரண்டாவது, பள்ளத்தில் விழுந்தால் பக்கச்சுவர் பிழைக்குமா என்பது மூன்றாவது. சத்தம், மைலேஜ், எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

பல டயர்களில் ட்ரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று குறிகள் இருக்கும். இது அமெரிக்க முறை. ட்ரெட்வேர் எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் அந்த எண்ணைக் கொடுப்பது கம்பெனியே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட நம்பலாம். இந்தக் கம்பெனியின் 320ஐயும் அந்தக் கம்பெனியின் 340ஐயும் பக்கத்தில் வைத்து முடிவு எடுக்காதீர்கள். டிராக்‌ஷன் என்பது நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்த அளவு, ஏஏ தான் உச்சம். வளைவில் எப்படி நிற்கும் என்று அது சொல்லாது. ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் அதில் ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் இருக்கும்; இந்த வண்டிக்கு ஏ இல்லாத டயரை நான் பார்க்கவே மாட்டேன்.

அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 97ஒய் என்பதில் 97 பாரக் குறியீடு, டயர் ஒன்றுக்கு 730 கிலோ. ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை. மலையில் இந்த வேகத்துக்கு ஒரு வேலையும் இல்லைதான். ஆனாலும் வண்டியோடு வந்த குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, ஏனென்றால் வேகக் குறியீடு என்பது சூட்டைத் தாங்கும் திறனும்தான். மே மாதம் மத்தியானம் தொப்பூரிலிருந்து சேலம் வருகிறவருக்கு அது வேண்டும்.

யோசித்துப் பார்த்த டயர்கள்

முதலில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. ட்ரெட்வேர் 320, டிராக்‌ஷன் ஏஏ. ஈரத்தில் இதன் பெயர் வெறும் விளம்பரம் இல்லை. பெரும்பாலான அளவுகளில் ஐரோப்பிய ஈரப்பிடிப்பு தரம் ஏ. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் உடனே திரும்பும், ஆனால் எல்லையைத் தாண்டும்போது சட்டென்று விட்டுவிடாது, மெல்ல மெல்லச் சொல்லிவிட்டுத்தான் வழுக்கும். மலைச்சாலையில் எனக்கு இந்தக் குணம் முக்கியம். குறை என்றால் விலை. இன்னொன்று, பக்கச்சுவர் அப்படி ஒன்றும் கல் மாதிரி இல்லை. பள்ளத்தில் வேகமாக இறக்கினால் புடைப்பு விடும். 40 சீரிஸ் டயர் எதுவுமே இதில் தப்பாது.

இரண்டாவது பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ003. இதன் ட்ரெட்வேர் 220. மென்மையான ரப்பர், காய்ந்த சாலையில் பசை போட்ட மாதிரி ஒட்டும். விலையும் மிஷலினைவிடக் குறைவாகத்தான் பேசுவார்கள். இளவட்டங்களுக்கு இது பிடிக்கும், எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. ஆனால் வாரம் ஆறு நாள் சேலம் வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடும் வண்டிக்கு இவ்வளவு மென்மையான ரப்பர் வீண். பட்டன் சீக்கிரம் இறங்கும். இறங்க இறங்கச் சத்தம் கூடும். பாதி தேய்ந்த பிறகு, புதிதில் இருந்த ஈரப்பிடிப்பும் இருக்காது. ஒரு டயர் எப்படி ஓடும் என்பதை அதன் முதல் மாதத்தை வைத்துச் சொல்லாமல், இரண்டாவது ஐப்பசியில் எப்படி இருக்கும் என்று யோசித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் இது பின்தங்குகிறது. வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பவர் என்றால் என் பதில் மாறும்.

கான்டினென்டலின் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6 இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்கிறது. ஈரத்தில் நன்றாகவே பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங்கில் மிஷலின் அளவு கூர்மை இல்லை. பைலட் ஸ்போர்ட் புதுசாகக் கிடைக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போகலாம்.

அப்புறம் வ்ரெடெஸ்டைன். நெதர்லாந்து பிராண்டு, 2009இல் அப்போலோ வாங்கியது, 2021இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அல்ட்ராக் வோர்ட்டி என்ற மாடல்தான் இந்த வகை வண்டிக்கானது. அப்போலோவின் விற்பனை வலை பெரியது என்பதால் கடைக்காரர் வரவழைத்துக் கொடுப்பதும், பிரச்சினை வந்தால் கிளெய்ம் பார்ப்பதும் எளிது. நம் அளவில் கையிருப்பு இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பெயரைக் கேட்டதும் ஒதுக்க வேண்டாம்.

செமி ஸ்லிக், அதாவது ரேஸ் டிராக்குக்காக வெட்டுகளைக் குறைத்துச் செய்த வகையைப் பற்றி ஒரே வரி: மழைக்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஏற்காடு இறங்குகிறேன் என்பவரோடு நான் காரில் ஏற மாட்டேன்.

தேதி

உண்மையைச் சொன்னால், மேலே சொன்ன நான்கில் எது என்பதைவிட எப்போது செய்தது என்பதுதான் சேலத்தில் பெரிய கேள்வி. பதினாறு, பதினேழு இன்ச் டயர் எந்தக் கடையிலும் அடுக்கியிருக்கும். பதினெட்டு இன்ச்சில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் கேட்டால் கடைக்காரர் போனை எடுத்து கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ பேசுவார். அங்கே கிடங்கில் கிடப்பதை அனுப்புவார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. அதன் பிறகு லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. இந்தியாவில் செய்யாத அளவுகள் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை என்ற நிலை அப்போதிருந்துதான். வராத டயருக்கு, கிடங்கில் ரொம்ப நாள் கிடந்த டயர் மாற்றாகக் கைக்கு வரும்.

ரப்பர் ஓடினால்தான் பழசாகும் என்றில்லை. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கோடை கிடந்தாலே இறுகும். இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் சமாளித்துவிடும், ஈரத்தில்தான் குட்டு வெளிப்படும். மூன்று வருஷம் முன்பு செய்த உச்ச பிராண்டும், மூன்று மாதம் முன்பு செய்த நடுத்தர பிராண்டும் ஒரே விலையில் வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். “சார், ஓடாத டயர்ங்க, புதுசு மாதிரிதான், தேதியெல்லாம் யாரும் பாக்கறதில்லைங்க” என்று கடையில் சொல்வார்கள். நீங்கள் பாருங்கள். முன்பணம் கொடுக்கும்போதே “ஒரு வருஷத்துக்குள் செய்ததாக இருந்தால்தான் எடுப்பேன்” என்று சொல்லி, பில்லில் எழுதி வாங்குங்கள். வந்ததும் நான்கையும் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று கலந்து வருவது உண்டு. டிஓடி தேதி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், மாட்டிய பிறகு அது உள்பக்கம் போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்ஐ முத்திரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம், இறக்குமதி என்றாலும். முத்திரை இல்லாமல் மலிவாக வருவது எந்த வழியில் வந்தது என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். விலை பேசும்போது இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள்.

பதினேழுக்கு இறங்கினால்?

இதை மைத்துனர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. பதினெட்டு இன்ச் அலாயின் அழகுக்காகவே பாதி வண்டியை வாங்கியவர் அவர்.

கணக்கைப் பாருங்கள். 245/40 ஆர்18 டயரின் விட்டம் 653 மில்லிமீட்டர். 225/50 ஆர்17 போட்டால் 657. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய அப்படியே காட்டும். ஆனால் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டரிலிருந்து 112 ஆகிறது. நம் ஊர் வேகத்தடைக்கும், மழைக்குப் பிறகு ஓமலூர் ரோட்டில் திடீரென்று வாய் திறக்கும் பள்ளத்துக்கும் இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய பாதுகாப்பு. அகலம் 20 மில்லிமீட்டர் குறைவதால் தேங்கிய தண்ணீரில் டயர் மிதப்பதும் குறையும். எல்லாவற்றையும்விட, 225/50 ஆர்17 என்பது பென்ஸ் சி கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் போன்ற வண்டிகளில் ஓடிய அளவு. அதனால் நகரும் சரக்கு. புதிய தேதியில் கிடைக்கும், விலையும் இறங்கும். மிஷலின் பிரைமசி 4எஸ்டி மாதிரி அமைதியான டூரிங் டயரைப் போட்டால் பெங்களூரு போய் வந்தாலும் காது வலிக்காது.

இழப்பும் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது பக்கச்சுவர் கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் வண்டி திரும்பும். டிடி ஓட்டுகிறோம் என்ற உணர்வு ஒரு படி குறையும். டூரிங் டயர் போட்டால் இரண்டு படி. ரிம் செலவு தனி. முன் பிரேக் காலிபருக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்க்காமல் நான்கும் வாங்கக் கூடாது. ரிம்மின் போல்ட் வட்டம் 5×112 (ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில்), நடுத்துளை 57.1 மில்லிமீட்டர்.

கடைகளில் சொல்லும் இன்னொரு யோசனை: “சார், அதே ரிம்ல 45 போட்டுக்கங்க, அடி தட்டாதுங்க.” 245/45 ஆர்18 என்றால் விட்டம் 678 ஆகிவிடும், 24.5 மில்லிமீட்டர் கூடுதல். உயரம் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான் கிடைக்கும்; அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஆள் ஏறி முழுசாகத் திருப்பினால் வீல் ஆர்ச்சில் உரசலாம். வேண்டாம்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால்: இந்த ஒரே கார்தான், தினமும் இதில்தான் போக வேண்டும் என்றால் பதினேழு. வீட்டில் ஊர் சுற்ற வேறொரு வண்டி இருக்கிறது என்றால் பதினெட்டில் பைலட் ஸ்போர்ட் 4, தேதி சரியாக இருந்தால் மட்டும், இல்லையென்றால் எம்சி6. மைத்துனர் வீட்டில் ஒரு ஸ்விஃப்ட் நிற்கிறது, அதனால் அவருக்குப் பதினெட்டே சொன்னேன். முகம் மறுபடி மலர்ந்தது.

காற்று

இதை எழுதாமல் விட்டால் என் தலையிலேயே விடியும், ஏனென்றால் ஏற்காட்டில் இறங்கியதும் காற்று அளந்து குறைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் கேஜ் ஏறக்குறைய இரண்டு பாயின்ட் கூட்டிக் காட்டும். அதே நேரம் வெப்பம் பத்து டிகிரி வரை இறங்குவதால் டயருக்குள் ஒன்றரை, இரண்டு பாயின்ட் குறையும். இரண்டும் கிட்டத்தட்ட கழிந்துவிடும். ஏறியவுடன் அளந்தால் வளைவுகளில் சூடான டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை எடுத்துவிட்டு, சூடு ஆறி, சேலத்துக்கு இறங்கினால் குறைந்த காற்றோடுதான் கடைசி வளைவுகளில் பிரேக் பிடிப்பீர்கள். கீழே, காலையில், வண்டி நகரும் முன் ஸ்டிக்கரில் சொன்ன அளவு வைத்தால் போதும். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கேட்டால் உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

மாட்டும் நாள்

அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அன்றே செய்துவிடுங்கள். பழைய முன் டயர்களின் வெளித்தோளில் உள்ளங்கையை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் கையைக் கிழிப்பது போலவும் இருந்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம், சரியில்லை, அதைச் சொல்லித்தான் சரிசெய்யச் சொல்ல வேண்டும். புது டயரின் மேல் அச்சிலிருந்து கழற்றப் பூசிய வழுக்குப் பொருள் இருக்கும், அது போக முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மலைக்குப் போக வேண்டாம், பெங்களூரு ரோட்டில் ஓட்டித் தேய்க்கலாம். காற்றுக் குறைவை எச்சரிக்கும் அமைப்பில் புதிய அளவைத் திரையில் சேமிக்க மறந்தால் இரண்டு நாளில் மஞ்சள் விளக்கு எரியும்.

பதினேழு இன்ச் ரிம்முக்குப் போகிறவர்கள் போல்ட்டைக் கவனியுங்கள். ஆடியின் போல்ட் உட்காரும் இடம் உருண்டை வடிவம். வெளிச்சந்தை ரிம்களில் பல கூம்பு வடிவம். கம்பெனி போல்ட்டையே கூம்பு ரிம்மில் போட்டு இறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஆனால் ஓரத்தில் மட்டும்தான் பிடித்திருக்கும். ரிம்முக்கு ஏற்ற போல்ட் வாங்குங்கள். ஏர் கன்னால் அடித்து முடிக்க விடாமல், இறுக்கத்தை அளந்து வைக்கும் டார்க் ரென்ச்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள், ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.